தோட்டத்துக் குழந்தையும் நிழற்படமும்

மலைநாட்டு இருப்புப் பாதை பதுளையிலே முடிகிறது. 1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அங்கு முதன்முதலாகப் புகைவண்டி வந்து சேர்ந்தபோது அது ஊவாவின் தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டு செல்லும் வழியாகவே கருதப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்நிலையத்தின் மேடைக்கு வேறொரு வேலை வந்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, நாடற்றவராய் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்லவேண்டும் என்றும், 3,00,000 பேர் இலங்கையிலே இருக்கலாம் என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பேசித் தீர்ப்பதென விட்டனர். அவர்களை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை மலைகளிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்ட அந்த வண்டியை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தனர்.

அவர்கள் கொண்டு சென்ற தகரப் பெட்டிகளில் பெரும் பொருள் எதுவும் இருந்ததில்லை. துணிமணி, செம்பு, சுவாமி படம், துணியில் முடிந்து வைத்த காகிதங்கள். அக்காகிதங்களுள்ளே கடவுச்சீட்டு. கடவுச்சீட்டிலே ஒரு நிழற்படம். பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதற்படம் அதுவே. காது தெரியவேண்டும், நெற்றி தெரியவேண்டும், சிரிக்கலாகாது என்ற நிபந்தனைகளுக்குட்பட்டு எடுத்த படம். நான்கு தலைமுறையாக ஒரு மலையிலே பிறந்து வளர்ந்த குடும்பத்திற்கு, பிள்ளை தவழ்ந்த படம் இல்லை, இஸ்தோப்பிலே உட்கார்ந்து கஞ்சி குடித்த படம் இல்லை, முதற்பல் விழுந்த நாளின் படம் இல்லை. ஊரைவிட்டு அனுப்புவதற்காக எடுத்த படம் மாத்திரம் இருந்தது. இந்நிலை எங்ஙனம் நேர்ந்தது என்பதை அறிய, நிழற்படக் கலை மலைநாட்டிற்கு வந்த வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

1839இல் ஐரோப்பாவில் வெளிப்பட்ட அக்கலை, தொடக்கத்தில் குழந்தைகளுக்கு ஒவ்வாத கலையாகவே இருந்தது. கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கலவையைப் பூசி, அது ஈரமாய் இருக்கும்போதே படம் எடுத்து, உலருமுன் இருட்டறையிற் கழுவவேண்டும். ஒளி படியும் நேரம் பல வினாடிகள். மங்கிய ஒளியாயின் நிமிடக் கணக்கு. அத்தனை நேரம் அசையாதிருத்தல் பெரியவருக்கே அரிது. ஓடித் திரியும் மூன்று வயதுப் பிள்ளை அத்தகட்டில் ஒரு புகைமூட்டமாகத்தான் பதியும். ஆகவே அக்காலப் படங்களிற் காணும் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருப்பர். அல்லது மிரட்டி உட்காரவைக்கப்பட்டிருப்பர். அல்லது இறந்துபோனவர்களாய் இருப்பர்.

இத்தடைகளை மீறி வீட்டிலுள்ளோரையே நாள்தோறும் படம்பிடித்த ஒரு மூதாட்டி இலங்கை மலைநாட்டிலேதான் கண்மூடினார் என்பது நேயர்களுட் பலர் அறியாத செய்தியாகலாம். ஜூலியா மார்கரெட் கமரன் என்பது அவர் பெயர். 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். கணவர் சார்ல்ஸ் ஹே கமரன், இலங்கையின் ஆட்சிமுறையை 1833இல் மாற்றியமைத்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரன். ஜூலியாவுக்கு நாற்பத்தெட்டு வயதானபோது, 1863ஆம் ஆண்டின் இறுதியில், மகளும் மருமகனும் பொழுதுபோக்குக்காக ஒரு படப்பெட்டியை வாங்கிக் கொடுத்தனர். அதுவே அவருடைய வாழ்க்கையாயிற்று. அயல்வீட்டுச் சிறுமி, பேரப்பிள்ளைகள், வேலைக்காரப் பெண்கள் என அகப்பட்டோரையெல்லாம் உட்காரவைத்தார். 1864 ஜனவரியில் எடுத்த ஒரு சிறுமியின் படத்தைத் தம் முதல் வெற்றி என்று தாமே குறித்து வைத்தார். படங்கள் சற்றே மங்கலாயிருக்கின்றன என்று அக்கால வல்லுநர் குறை கூறினர். பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள் அல்லவா, மங்கலாகாமல் என்ன செய்யும்!

1875இல் அக்குடும்பம் இலங்கைக்கு வந்து களுத்துறையிலே குடியேறியது. பிள்ளைகள் தோட்டங்களை நடத்தினர். கமரன் அம்மையார் இங்கு எடுத்த படங்களுட் கிடைத்திருப்பவை முப்பதுக்கும் குறைவே. அவற்றுள் உழைக்கும் மக்களின் உருவங்கள் உண்டு. ஆனால் இங்கிலாந்திலே பல படங்களின் கீழ்ப் பெயரெழுதிய அவர், இலங்கைப் படங்களுட் பலவற்றில் அங்ஙனம் செய்தாரல்லர். 1879 ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாவில் கிளென்கெயன் தோட்டத்தில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்திலே இருக்கிறது. அக்கல்லறையைச் சுற்றித் தேயிலை வளர்ந்த காலமெல்லாம், அத்தேயிலையைப் பறித்தோரின் பிள்ளைகள் படத்தில் இடம்பெறாமலே வளர்ந்தார்கள்.

ஊவாவைப் பொறுத்தவரை, மனித முகத்தை நுணுக்கமாய்ப் படம்பிடித்த தொடக்க முயற்சிகள் ஆராய்ச்சியாளருடையவை. பாசல் நகரத்துச் சரசின் சகோதர உறவினர் இருவர், 1880களில் ஊவாவின் கீழ்ப்புறக் காடுகளிலும் அவற்றை அடுத்த பகுதிகளிலும் வாழ்ந்த வேடரைத் தேடிச் சென்று, முன்பக்கமும் பக்கவாட்டுமாகப் படமெடுத்து, தலையையும் மூக்கையும் அளந்து, 1890களின் தொடக்கத்திற் பெருநூலாக வெளியிட்டனர். பின்னர் 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி எழுதிய நூலில்தான் குடும்பம், குழந்தை, குகை வாழ்க்கை ஆகியவை ஓரளவு தோன்றுகின்றன. அளக்க வந்தவர் முகத்தைக் கண்டார். தம்பதியராக வந்தவர் குடும்பத்தையும் கண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதற்கிடையில் அமெரிக்காவிலே ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் தமது கொடாக் பெட்டியை 25 டொலருக்கு விற்கத் தொடங்கினார். நூறு படத்துக்குரிய சுருள் அதிலேயே இருந்தது. முடிந்ததும் பெட்டியோடு ஆலைக்கு அனுப்பினால், கழுவி, அச்சிட்டு, புதுச்சுருள் இட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் வந்த பிறவுனிப் பெட்டியின் விலையோ ஒரே டொலர். சிறுவருங் கையாளலாம் என்றே அது விளம்பரப்படுத்தப்பட்டது. இருட்டறையும் இரசாயனமும் அறியாத தாய் தகப்பன்மார் தம் பிள்ளையைத் தாமே படமெடுக்கும் காலம் இவ்வாறு பிறந்தது.

ஊவாவிலே அக்காலம் பங்களாவில் மாத்திரம் பிறந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1894இல் புகையிரதம் பண்டாரவளையை எட்டியது. துரைமார் குடும்பங்களோடு கைப்பெட்டிகளும் மலையேறின. தோட்டத் துரைமாரும் அவர்தம் மனைவியரும் ஒட்டிவைத்த பட ஏடுகள் இங்கிலாந்தின் நூலகங்களிற் சேர்ந்திருக்கின்றன; கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள அரச பொதுநலவாயச் சங்கத் தொகுப்பு அவற்றுட் பெரியது. இத்தகைய ஏடுகளைப் புரட்டுவோர் ஓர் இயல்பைக் கண்டுகொள்வர். புல்தரையிலே குழந்தை, குதிரைக் குட்டிமேற் குழந்தை, பிறந்தநாள் மேசையிற் குழந்தை. குழந்தையின் பெயர், வயது, சில ஏடுகளில் நாயின் பெயருங்கூட எழுதப்பட்டிருக்கும். குழந்தையை இடுப்பிலே தாங்கி நிற்கும் தமிழ்ப்பெண்ணின் பெயர் 'ஆயா' என்பதே. அவளுக்கும் லயத்திலே ஒரு பிள்ளை இருந்திருக்கலாம். அப்பிள்ளை எந்த ஏட்டிலும் இல்லை.

தோட்டத்துப் பெண்ணின் உருவம் உலகத்திற்குத் தெரியாததன்று. தெரிந்தது வேறு விதத்தில். கொழும்பிலே 1890இல் தோன்றிய பிளாட்டே நிறுவனம் போன்றவை அச்சிட்ட தபாலட்டைகளிலும், லிப்டன் நிறுவனத்தின் தேயிலை விளம்பரங்களிலும் கூடை சுமந்த தமிழ்ப்பெண் புன்னகையோடு நின்றாள். இலண்டன் கடைத்தெருவில் அவளை அறியாதார் இல்லை. அவளுடைய பிள்ளைகளிடம் அவளுடைய படம் இல்லை. ஊவாத் தோட்டங்களின் படவரலாற்றில் இதனைவிட விசித்திரமான செய்தி வேறில்லை.

பணமின்மையே காரணம் என்று கூறி இதனை முடித்துவிடுதல் எளிது. பணமின்மை உண்மையே. ஆயினும் படப்பெட்டியின் இயல்பையும் தோட்டத்து நாளின் இயல்பையும் அருகருகே வைத்து நோக்கினால் இன்னொரு காரணமும் புலப்படும். பழைய பிறவுனிப் பெட்டிக்கு நல்ல வெயில் வேண்டும். அதன் கண்ணாடி சிறியது. திரை திறந்து மூடும் வேகத்தை மாற்ற இயலாது. சூரியன் படமெடுப்பவரின் முதுகுக்குப் பின்னே இருக்கவேண்டுமென்பது விதி. அதனாற்றான் அக்காலக் குழந்தைகள் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டுக்குள்ளே எடுக்கவேண்டுமாயின் வெளிச்சப்பொடியோ குமிழோ வேண்டும். இப்பொழுது லயத்தை நினைத்துப் பார்க்க. பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பரா. இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டியது. பின்பக்கம் சன்னல் இராது. அடுப்புப் புகை சுவரைக் கறுப்பாக்கிவிடும். அதனுள்ளே ஒரு பிள்ளை பிறக்கிறது, தொட்டிலில் ஆடுகிறது, நோயிற் கிடக்கிறது, கதை கேட்கிறது. அவற்றுள் எதையும் அந்தப் பெட்டி கண்டிருக்க இயலாது.

வெளியே வெயில் உண்டே என்னலாம். வெயிலுள்ள நேரம் எல்லாம் தோட்டத்துக்கு உரியது. விடியுமுன் தப்பு முழங்கும். பெரட்டுக்குப் பெயர் கொடுக்கவேண்டும். அதற்குமுன் தாய் பிள்ளையைத் தூக்கத்தோடு தூக்கமாகப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்வாள். கொழுந்து நிறுக்கும் வேளைகளிடையே ஓடி வந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பாள். மாலை நிறுவை முடிந்து, விறகு பொறுக்கி, அவள் லயத்துக்குத் திரும்பும்போது நமுனுகுலை மலையின் நிழல் பள்ளத்தை மூடியிருக்கும். படமெடுக்கத் தக்க ஒளி இருந்த பத்து மணி நேரமும் தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம். தாயும் பிள்ளையும் ஒன்றாயிருந்த நேரத்தில் ஒளி இல்லை. நாளாந்தக் குடும்ப வாழ்க்கை என்று ஒன்று படத்திற் பதியவேண்டுமாயின், ஒளியுள்ள நேரத்திற் குடும்பம் கூடியிருக்கவேண்டும். அந்த ஓய்வு பங்களாவிலே இருந்தது.

இவ்வகை ஓய்வும் வசதியும் பெற்ற இந்தியக் குடும்பமொன்றை இங்கே ஒப்பிடலாம். பஞ்சாபின் மஜீத்தியாக் குடும்பத்து உம்ராவ் சிங் ஷெர்கில், 1870இற் பிறந்தவர். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தம்மையும் தம் ஹங்கேரிய மனைவியையும் இரு பெண்மக்களையும் படமெடுத்துக்கொண்டே இருந்தார். 1913இல் புடாபெஸ்டிற் பிறந்த மூத்த மகள் அம்ரிதா பின்னாளிற் புகழ்பெற்ற ஓவியரானார். அவர் குழந்தையாய்ப் படுக்கையிற் கிடந்தது முதல் ஓவியத்தட்டின் முன் நின்றது வரை தந்தையின் பெட்டி பின்தொடர்ந்தது. ஒரு பெண் எவ்வாறு வளர்ந்தாள் என்பதை ஆண்டுவாரியாக அறிய இயலுகிறது. அம்ரிதா 1941இல் இருபத்தெட்டு வயதில் இறந்தபின் அப்படங்கள் தந்தைக்கு எத்தகைய துணையாய் இருந்தன என்பதை நேயர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

பதுளை நகரத்திலும் பண்டாரவளையிலும் படப்பிடிப்பு நிலையங்கள் தோன்றிய பின்னர், தோட்டத்தாரும் ஆண்டுக்கொரு முறையாவது நகரத்திற்கு இறங்கலாயினர். தீபாவளி முன்பணம் கைக்கு வந்த வாரமோ, மாரியம்மன் திருவிழாவோ அதற்குரிய காலம். திரையிலே தீட்டிய மாளிகைப் படிக்கட்டும் பூந்தொட்டியும் பின்னணியாக, லயத்துக் குடும்பம் இறுகி நிற்கும். தகப்பன் இரவல் கோட்டு அணிந்திருப்பதும் உண்டு. கைக்குழந்தையின் கன்னத்தில் மட்டும் ஒரு பெரிய கறுப்புப் பொட்டு. நிழற்படப் பெட்டியின் கண்ணும் ஒரு கண்ணே, கண்ணேறு கழியவேண்டும் என்பது அம்மாயிமாரின் தீர்ப்பு. படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சியோரும் இருந்தனர். இவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிலே சிசுமரணம் எவ்வளவு கடுமையாக உயர்ந்தது என்பதை அறிந்தோர், குழந்தையின் ஆயுளைப் பற்றி அத்தாய்மார் கொண்ட அச்சத்தை நகையாடமாட்டார்கள். அக்குழந்தைகளுட் பலர் படமொன்றும் விட்டுச் செல்லாமலே மண்ணுக்குட் போயினர்.

படம் இல்லாமை காகிதம் இல்லாமையோடு சேர்ந்தே வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் தோட்ட மக்களிடம் சான்று கேட்டன. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவவேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய விண்ணப்பங்கள் குவிந்தன. இறுதியிற் குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. ஒரு பிள்ளை இந்த மலையில்தான் நடைபழகிற்று என்பதைத் தோட்டம் முழுவதும் அறியும். செக்ரோலில் ஏறிய பெயரை அலுவலகம் கண்டுகொண்டது. நடைபழகியதை எழுதி வைத்தவர் யாருமில்லை. அந்நாள்வரை இம்மக்களின் முகத்தைக் கேட்டிராத அரசாங்கங்கள், 1964க்குப் பின்னர் முகத்தைக் கேட்டன. கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தில் கடவுச்சீட்டுக்கு ஒரு படம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் வழங்கப்பட்ட அடையாள அட்டைக்கு, உரிமை பெற்றோரிடம் மற்றொரு படம். அண்ணன் ஒரு படத்தோடு இந்தியாவுக்கும், தங்கை வேறொரு படத்தோடு லயத்துக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. கப்பற் போக்குவரத்து 1984இல் நின்றபோது, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்திருந்தனர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேதான் தீர்ந்தது.

எடுத்த சில படங்களும் நிலைத்தன என்று கூறுவதற்கில்லை. மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சுவரில் மாட்டினால் அடுப்புப் புகை மேலே படியும். கண்ணாடிச் சட்டத்துள் வைத்தால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டிலே பழைய படப்பிடிப்பு நிலையங்களின் தொகுப்புகளைத் தேடி, பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு எண்ணிமப் பிரதிகளாக்கிக் காக்கும் முயற்சி ஒன்று புதுச்சேரியை மையமாகக் கொண்டு நடந்திருக்கிறது. ஊவாவின் தகரப் பெட்டிகளுக்கும் அத்தகைய முயற்சி வேண்டும். காத்திருத்தல் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலை காட்டிற்று. கொஸ்லாந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்ததனாற் பிழைத்த பிள்ளைகள் பலர். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்வதற்குச் சுவரிலிருந்த படமும் இல்லாமற் போயிற்று.

இன்று லயத்துச் சுவரிற் படம் மாட்டுவோர் குறைந்துவிட்டனர். படம் கைத்தொலைபேசியில் இருக்கிறது. குழந்தையை நாள்தோறும் படம்பிடிக்கும் வழக்கம் ஊவாத் தோட்டங்களுக்கும் வந்துவிட்டது. வந்த காரணம் வேறு. 1980கள் முதல் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாய்ச் சென்ற தாய்மாருள் தோட்டப் பெண்கள் பலர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் அவ்வாறு செல்வதை அரசு 2013இல் தடுத்தது. 2022இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. முன்னாளிற் கடிதத்துள் ஆண்டுக்கொரு படம் சென்றது. இன்று அம்மாயியோ தகப்பனோ மாலைதோறும் படமெடுத்து அனுப்புகிறார்கள். பிள்ளை சோறு உண்கிறது. சீருடை அணிந்து நிற்கிறது. காய்ச்சலில் முகம் வாடியிருக்கிறது. அலைவரிசை எட்டாத தோட்டங்களில் அதற்காக மேட்டுக்கு ஏறவேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல், இம்மாவட்டத்துப் போஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் பாடம் படிக்கப் பாறையுச்சிக்கு ஏறிய செய்தி உலகெங்கும் பரவியது. படம் அனுப்ப ஏறுவோர் பற்றிச் செய்தி வருவதில்லை.

கமரன் அம்மையார் பல மணி நேரம் உழைத்துப் பெற்றதை இன்று விரல் தொட்ட கணத்திற் பெறுகிறார்கள். லயத்தின் உள்ளிருட்டும் இப்பொழுது தடையன்று. அடுப்பின் அருகே, ஒற்றை மின்விளக்கின் கீழ், தொட்டிலுள்ளே என்று நூறாண்டுகளாக எந்தப் பெட்டியும் காணாத இடங்களை இச்சிறு கருவி கண்டுவிட்டது. ஆனால் அக்கருவி உடைந்தாலோ, விற்கப்பட்டாலோ, இரண்டு ஆண்டின் பிள்ளைப் பருவமும் அதனோடு போய்விடும். அச்சிட்டு வைப்போர் சிலரே.

ஒப்பந்தக் காலம் முடிந்து தாய் திரும்பும் நாளில், பதுளைக்கு வரும் இரவு வண்டியிலேயோ பேருந்திலேயோ வந்து இறங்குகிறாள். பிள்ளையின் முழங்காலிலுள்ள தழும்பு எந்த மாதத்தில் விழுந்ததென்று அவளுக்குத் தெரியும். எந்தப் பல் முதலில் ஆடிற்று என்பதும் தெரியும். அத்தனையும் படத்திற் பார்த்திருக்கிறாள். பிள்ளை அம்மாயியின் சேலைக்குப் பின்னே நின்று, வந்திருப்பவளின் முகத்தையும் கைத்தொலைபேசியிலிருக்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது.